இஸ்ரவேல் அரசர்களும் கடவுள் வாக்கும்



இன்று எனக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் இஸ்ரவேலரின் அரசர்களும் தீர்க்கதரிசிகளும் என்பதாகும். இதைப் பேசும்படி கேட்டுக்கொண்டவர்கள் நம் இயக்கத் தோழர்களே என்றாலும், அப்படிக் கேட்கும்படி அவர்களைத் தூண்டியவர்கள் நம் எதிரிகள்தான். இவர்கள் இராமாயணத்தைப் பற்றிப் பேசுவார்கள், பெரியபுராணத்தைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் பைபிளைத் தொடமாட்டார்கள், பாதிரிமார்களிடத்தில் இவர்களுக்குப் பயம் என்று ஊருக்கு ஊர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மற்றொரு பக்கத்தில், ஜாதிக் கொடுமை பொறுக்கமாட்டாமல் வேறு மதத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்கின்ற தோழர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றார்கள். போவதும் போகாததும் அவரவர் இஷ்டம். ஆனால் போகிற இடத்தில் வைத்திருக்கிற புத்தகத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைப் படித்துவிட்டுப் போவது நல்லதல்லவா?

யூத மக்களை இகழ்வதற்காக நான் இங்கு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மக்கள் பட்ட பாடு உலகத்தில் வேறு எந்த மக்களும் பட்டிருக்கமாட்டார்கள். அன்றியும், தங்கள் அரசர்கள் செய்த அக்கிரமங்களையெல்லாம் தங்கள் வேத புத்தகத்திலேயே எழுதிவைத்த யோக்கியதை அவர்களுக்கு உண்டு. நம் புராணக்காரர்களோ அரசன் செய்த அக்கிரமத்தைத் திருவிளையாடல் என்றல்லவா எழுதிவைத்தார்கள்? ஆகையால் நான் கேட்கப்போவதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். "கடவுள் சொன்னார்" என்று ஒருவன் சொல்லும்போது அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகிய புத்தகங்களைப் படித்துப் பார்த்தால் தெரிகிற சங்கதிகளில் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில் இஸ்ரவேலருக்கு அரசனே இல்லை. சாமுவேல் என்ற தீர்க்கதரிசியே நியாயம் தீர்த்துவந்தான். அவனுக்கு வயதானபின் அவன் பிள்ளைகள் அந்த வேலைக்கு வந்து லஞ்சம் வாங்கினார்கள். ஜனங்கள் பொறுக்கமாட்டாமல் எங்களுக்கு ஓர் அரசன் வேண்டுமென்று கேட்டார்கள். அதற்குச் சாமுவேல் சொன்ன பதிலை ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். அரசன் வந்தால் உங்கள் பிள்ளைகளைப் பிடித்துத் தன் ரதத்துக்கு முன்னால் ஓடவிடுவான், உங்கள் பெண்களைச் சமையலுக்கு வைத்துக்கொள்வான், நல்ல நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைவில் பத்தில் ஒன்று வாங்குவான், கடைசியில் நீங்கள் அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்று சொன்னான். உண்மையிலேயே நல்ல புத்திதான். ஆனால் அரசன் வாங்கப்போகும் பத்தில் ஒன்றைப் பற்றி இவ்வளவு கண்ணீர் விடுகிற அந்த வேதம், புரோகிதன் வாங்குகிற பத்தில் ஒன்றைப் பற்றி என்ன சொல்லுகிறது? அது கடவுளின் பங்கு என்று சொல்லுகிறது!

சரி, சவுல் அரசனானான். அவன் எதற்காகக் கடவுளால் தள்ளப்பட்டான் தெரியுமா? அமலேக்கியர் என்ற கூட்டத்தாரை ஆண், பெண், பால் குடிக்கும் குழந்தை, ஆடு, மாடு, ஒட்டகம் ஒன்று விடாமல் கொன்றுவிடும்படி கடவுள் உத்தரவிட்டதாகச் சாமுவேல் வந்து சொன்னான். சவுல் போய் ஜனங்களையெல்லாம் கொன்றான். ஆனால் அவர்களுடைய அரசன் ஆகாகையும், நல்ல ஆடுமாடுகளையும் மிச்சம் வைத்துவிட்டான். அவ்வளவுதான், அவன் பட்டம் போயிற்று. ஆகாகைச் சாமுவேலே துண்டு துண்டாக வெட்டினான். குழந்தைகளைக் கொன்றதற்காக அல்ல, கொலையில் மிச்சம் வைத்ததற்காகவே அரசனுக்குத் தண்டனை!

இதைக் கேட்டால் பாதிரிமார்கள், அது கடவுளின் நீதி, அது மனித புத்திக்கு எட்டாது என்பார்கள். அவர்களுக்கு ஒரு கல்லைக் காட்டவேண்டும். இஸ்ரவேலுக்கு அடுத்த நாடு மோவாப். அந்த நாட்டு அரசன் மேசா என்பவன் கி.மு. 9-ம் நூற்றாண்டில் வெட்டிவைத்த கல்வெட்டு 1868-ல் தீபான் என்ற ஊரில் அகப்பட்டது. இப்பொழுது பாரிஸ் நகரத்தில் லூவர் காட்சிசாலையில் இருக்கின்றது. அதில் அவன் என்ன சொல்லுகிறான்? காமோஸ் என்ற தன் கடவுள் தன் நாட்டின்மேல் கோபங்கொண்டிருந்தபடியால் இஸ்ரவேலர் தன்னை ஒடுக்கினார்கள் என்றும், பிறகு நேபோ என்ற ஊரை இஸ்ரவேலிடமிருந்து பிடிக்கும்படி காமோஸ் தனக்கு உத்தரவிட்டான் என்றும், அப்படியே போய்ப் பிடித்து அங்கிருந்த ஆண், பெண், சிறுவர், சிறுமியர் ஏழாயிரம் பேரையும் தன் தெய்வத்துக்கு நேர்ந்து கொன்றான் என்றும் சொல்லுகிறான். சாமுவேல் சொன்னதற்கும் மேசா சொன்னதற்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா? கடவுளின் பெயர்தான் வித்தியாசம். காமோஸ் சொன்னது பொய் என்று எல்லாப் பாதிரியாரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஒப்புதலே நமக்குப் போதும்.

தாவீதைப் பற்றி அதிகம் பேச நேரமில்லை. அப்படியொரு அரசனே இருந்ததில்லை என்று சொன்ன சில ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு. ஆனால் 1993-ல் தேல் தான் என்ற இடத்தில் அகப்பட்ட ஒரு கல்லில் தாவீதின் வீடு என்று ஓர் அரச வம்சம் குறிக்கப்பட்டிருக்கின்றது. ஆகவே அந்தப் பெயரால் ஒரு வம்சம் இருந்தது என்பதை நாம் மறுக்கவேண்டியதில்லை. பகுத்தறிவுக்காரன் தனக்குச் சாதகமில்லாத ஆதாரத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் தாவீது ஜனத்தொகை எடுத்த கதையைப் பாருங்கள். அவன் ஜனங்களை எண்ணினான், அது குற்றமாம். அதற்குத் தண்டனையாகக் கொள்ளைநோய் வந்து எழுபதினாயிரம் பேர் செத்தார்கள். எண்ணினவன் சாகவில்லை, எண்ணப்பட்டவர்கள் செத்தார்கள்! அப்படி எண்ணும்படி அவனைத் தூண்டியது யார்? இரண்டாம் சாமுவேல் 24-ம் அதிகாரம், கோபங்கொண்ட கடவுளே தூண்டினார் என்கிறது. முதலாம் நாளாகமம் 21-ம் அதிகாரம், சாத்தான் தூண்டினான் என்கிறது. முதலில் எழுதினதைப் பின்னால் வந்தவன் படித்துப் பார்த்து, இது கடவுளுக்கு மரியாதையாயில்லையே என்று திருத்தியிருக்கிறான். அவனுக்காவது கொஞ்சம் வெட்கம் இருந்தது.

சாலொமோனை ஞானி என்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அவனுடைய கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்தன என்று எழுதியிருக்கின்றது. அந்த மயிலுக்கு எபிரெய பாஷையில் போட்டிருக்கும் சொல்லைக் கால்டுவெல் பாதிரியார் நம் தோகை என்ற சொல்லோடு ஒப்பிட்டு எழுதினார். அது சரியென்று சிலரும், அல்லவென்று சிலரும் சொல்லுகிறார்கள். நம் பண்டிதர்கள் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகச் சந்தோஷப்படுவார்கள். மயில் நம்முடையதாகவே இருக்கட்டும். அந்த மயிலுக்குப் பணம் கொடுத்தது யார்? முப்பதினாயிரம் பேரை ஊழியத்துக்குப் பிடித்து, மாதம் பதினாயிரம் பேராக லீபனோன் மலைக்கு மரம் வெட்ட அனுப்பினான். சுமை சுமக்க எழுபதினாயிரம் பேர். கல் வெட்ட எண்பதினாயிரம் பேர். கணக்கு மிகையாக இருக்கலாம், ஆனால் கணக்கு அவர்களுடையதே. கடவுளுக்குக் கோயில் கட்ட ஏழு வருஷம், தனக்கு அரண்மனை கட்டப் பதின்மூன்று வருஷம். கடைசியில் மரமும் பொன்னும் கொடுத்த தீரு நாட்டு அரசனுக்குக் கலிலேயாவில் இருபது ஊர்களைக் கொடுத்துவிட்டான். அந்த ஊர்களில் இருந்த ஜனங்களை யாராவது கேட்டார்களா?

அவன் செத்தபின் ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமிடத்தில் போய், உன் தகப்பன் வைத்த நுகத்தைக் கொஞ்சம் லேசாக்கு என்று கேட்டார்கள். அவனோ, என் தகப்பன் சவுக்கால் அடித்தான், நான் தேளால் கொட்டவைப்பேன் என்கிற மாதிரி பதில் சொன்னான். ஜனங்கள் ஊழியத்துக்கு ஆள்பிடிக்கும் அதிகாரியைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டுப் பிரிந்துபோனார்கள். அதுமுதல் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டு ராஜ்யங்கள் ஆயின. இவ்வளவு தெளிவான காரணத்தை எழுதிவைத்தவர்களே, அதன் பக்கத்தில், சாலொமோன் அந்நிய ஸ்திரீகளின் தேவர்களைக் கும்பிட்டதால் கடவுள் ராஜ்யத்தைக் கிழித்தார் என்றும் எழுதிவைத்தார்கள். வயிறு எரிந்து எழுந்த ஜனங்களின் கலகம், கும்பிடுகிற விஷயமாகப் போய்விட்டது!

இராஜாக்கள் புத்தகத்தை எழுதினவர்களுக்கு அரசனை அளக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். மேடைக் கோயில்களை இடித்தானா, விட்டுவைத்தானா? எருசலேம் கோயில் ஒன்றை மாத்திரம் ஒப்புக்கொண்டானா, இல்லையா? வடக்கே உம்ரி என்றொரு அரசன் இருந்தான். சமாரியா மலையை இரண்டு தாலந்து வெள்ளிக்கு விலைக்கு வாங்கித் தலைநகரம் கட்டினான். அவன் வம்சம் ஒழிந்து வெகுகாலம் ஆனபின்னும் அசீரியர்கள் அந்த நாட்டை உம்ரியின் வீடு என்றே அழைத்தார்கள். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் புத்தகத்தில் கொடுத்திருப்பது ஆறு வசனம்! அந்தச் சமாரியாவில் 1910-ல் தோண்டியபோது மையினால் எழுதிய பானை ஓடுகள் ஏராளமாய்க் கிடைத்தன. இன்ன வருஷம், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, பழைய திராட்சை ரசம் ஒரு ஜாடி, எண்ணெய் ஒரு ஜாடி என்று கணக்கு. குடியானவன் தோட்டத்திலிருந்து தலைநகரத்துக்குப் போன சரக்கின் ரசீதுகள் அவை. எனக்கு அந்த ஓடுகள் ஆறு வசனத்தைவிட அதிகச் சரித்திரம் சொல்லுகின்றன.

உம்ரியின் மகன் ஆகாப். இவன் காலத்தில் நடந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையை நிலமுள்ள ஒவ்வொரு குடியானவனும், நிலத்தைப் பறிகொடுத்த ஒவ்வொரு குடியானவனும் கேட்கவேண்டும். அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு தோட்டம். அரசன் கீரைத்தோட்டம் போட அதை விலைக்குக் கேட்டான். பிதிரார்ஜிதத்தைக் கொடுக்கமாட்டேன் என்று நாபோத் சொன்னான். அரசன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான். ராணி யேசபேல் என்ன செய்தாள்? படை அனுப்பினாளா? இல்லை. ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினாள். உபவாச தினம் ஏற்பாடாயிற்று, இரண்டு பொய்ச் சாட்சிகள் வந்தார்கள், நாபோத் கடவுளையும் அரசனையும் தூஷித்தான் என்று சொன்னார்கள், ஊரார் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். தோட்டம் அரசனுக்குச் சேர்ந்தது. குற்றச்சாட்டின் பெயரைக் கவனியுங்கள் தோழர்களே! நிலத்துக்கு ஆசைப்பட்டவன் நிலத்தைப் பற்றிப் பேசவேயில்லை. தெய்வ நிந்தனை என்றான். ஊர்ப் பெரியவர்கள் அத்தனைபேரும் உபவாசம் இருந்துகொண்டே கொலை செய்தார்கள்.

எலியா தீர்க்கதரிசி வந்து ஆகாபை முகத்துக்கு நேரே கண்டித்தான். அந்தத் தைரியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் பிறகு கடவுள் கொடுத்த தீர்ப்பு என்ன? ஆகாப் சாக்குத் துணி கட்டிக்கொண்டு தாழ்மையாய் நடந்தபடியால், தண்டனையை அவன் காலத்தில் வரப்பண்ணாமல் அவன் மகன் காலத்தில் வரப்பண்ணுவேன் என்பதாம். நாபோத்தின் தோட்டம் அவன் குடும்பத்துக்குத் திரும்பிவந்ததாக ஒரு வார்த்தை உண்டா? இல்லை. ஒரு சாதாரண முன்சீப் கூட முதலில் நிலத்தைத் திருப்பிக் கொடு என்றல்லவா தீர்ப்புச் சொல்லுவார்!

அந்த மகன் காலத்தில் தண்டனை வந்த விதத்தையும் கேளுங்கள். எலிசா தீர்க்கதரிசி ஒரு சீஷனை அனுப்பி, யெகூ என்ற சேனாதிபதியின் தலையில் எண்ணெய் ஊற்றி, ஆகாப் வம்சத்தை அழிக்கும்படி கடவுள் பெயரால் சொல்லவைத்தான். யெகூ ராஜாவைக் கொன்றான், ராணியைக் கொன்றான், ஆகாபின் பிள்ளைகள் எழுபது பேருடைய தலைகளைக் கூடைகளில் தருவித்து யெஸ்ரயேல் ஊர்வாசலில் இரண்டு குவியலாகப் போட்டான். இரண்டாம் இராஜாக்கள் 10-ம் அதிகாரத்தில் கடவுள் அவனை நன்றாய்ச் செய்தாய் என்று மெச்சி, நாலு தலைமுறைக்குப் பட்டம் கொடுக்கிறார். ஓசியா என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முதல் அதிகாரத்திலோ, யெஸ்ரயேலில் சிந்தின அதே இரத்தத்துக்காக யெகூவின் வீட்டாரைத் தண்டிப்பேன் என்று அதே கடவுள் சொல்லுகிறார். இரண்டும் கடவுள் வாக்கு. எதை நம்புவது? அந்த யெகூவோ, அல்லது அவனுடைய தூதனோ, அசீரிய அரசன் சல்மனேசருக்கு முன்னால் தரையில் முகம்பட விழுந்து கப்பம் கட்டுகிற சித்திரம் ஒரு கறுப்புக் கல்லில் செதுக்கப்பட்டு, 1846-ல் நிம்ருத் என்ற இடத்தில் கிடைத்து, லண்டன் காட்சிசாலையில் இருக்கின்றது. உம்ரியின் வீட்டை அடியோடு அழித்தவனை அந்தக் கல் உம்ரியின் மகன் என்று எழுதியிருப்பது ஒரு வேடிக்கை. கி.மு. 841-ல் கட்டிய அந்தக் கப்பத்தைப் பற்றி வேதத்தில் மூச்சு இல்லை.

ஒரே கூட்டத்தில் தீர்க்கதரிசிகள் சண்டை போட்டுக்கொண்ட கதையும் உண்டு. ஆகாப் யுத்தத்துக்குப் போகலாமா என்று நானூறு தீர்க்கதரிசிகளைக் கேட்டான். நானூறு பேரும் போ, ஜெயம் என்றார்கள். ஒருவன் இருப்புக் கொம்பு செய்து காட்டினான். மிகாயா என்ற ஒருவன் மாத்திரம் தோல்வி என்றான். அவன் சொன்னபடியே ஆகாப் செத்தான். நல்லது, அப்படியானால் அந்த நானூறு பேர் பொய்யர்களா என்றால், அதற்கு மிகாயாவே சொல்லுகிற காரணம், கடவுள்தான் ஒரு பொய் ஆவியை அனுப்பி அவர்கள் வாயில் வைத்தார் என்பது! கடவுளே பொய்யையும் அனுப்புவார் என்றால், பாமர மனிதன் எந்தத் தீர்க்கதரிசியை நம்பித் தன் பிள்ளையை யுத்தத்துக்கு அனுப்புவது?

தீர்க்கதரிசிகள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவது நியாயமல்ல. ஆமோஸ் என்பவன் தெக்கோவா ஊர் ஆட்டிடையன். தான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் பிள்ளையுமல்ல, மாடாடு மேய்த்து, காட்டத்திப் பழம் பார்த்துப் பிழைக்கிறவன் என்று அவனே சொல்லிக்கொண்டான். ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்கிறார்கள், கள்ளத் தராசு வைத்திருக்கிறார்கள், தந்தக் கட்டிலில் படுக்கிறார்கள் என்று பணக்காரர்களை அவன் திட்டினான். சமாரியாவைத் தோண்டியபோது தந்த வேலைப்பாடுகள் குவியலாக அகப்பட்டன. அவன் சொன்னது கண்ணால் கண்ட சங்கதி, அதற்குத் தரிசனம் தேவையில்லை. பெத்தேல் கோயில் புரோகிதன் அமத்சியா என்ன செய்தான்? அரசனுக்கு எழுதிவிட்டு, இது ராஜாவின் கோயில், இங்கே பேசாதே, உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று அவனைத் துரத்தினான். பிழைப்புக்காகப் பேசாதவனைக்கூடப் பிழைப்புக்காகப் பேசுகிறவன் என்றே நினைத்தான் அந்தப் புரோகிதன்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். வடக்கு ராஜ்யம் கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியர் கையில் அழிந்துவிட்டது. யூதா மாத்திரம் மிச்சம். அங்கே யோசியா என்ற அரசனின் 18-ம் வருஷத்தில், அதாவது கி.மு. 622-ல், கோயில் மராமத்துக்காக ஜனங்கள் போட்ட பணத்தைக் கணக்குப் பார்க்கும்படி அரசன் தன் எழுத்தன் சாப்பானைப் பிரதான புரோகிதன் இல்க்கியாவிடம் அனுப்பினான். பணக் கணக்குக் கேட்கப்போன இடத்தில் புரோகிதன், கோயிலில் ஒரு வேத புத்தகம் கண்டெடுத்தேன் என்று நீட்டினான்! அதை அரசன் வாசிக்கக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். அத்தனை நூற்றாண்டுகளாக ஒருவருக்கும் தெரியாதிருந்த வேதம், உண்டியல் எண்ணுகிற அன்றைக்குத்தான் அகப்பட்டது.

அது எந்தப் புத்தகம்? இப்பொழுது உபாகமம் என்று இருக்கிற புத்தகம், அல்லது அதன் முக்கிய பாகம், என்று ஜெர்மனியில் டி வெட்டே என்ற அறிஞர் 1805-லேயே காட்டினார். மோசேயால் சொல்லப்பட்டதென்று பெயர் போட்ட அந்தப் புத்தகம் யோசியாவின் காலத்தை ஒட்டி எழுதப்பட்டது என்பதைப் பல அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது? கடவுள் தெரிந்துகொண்ட ஒரே இடத்தில்தான் பலி கொடுக்கவேண்டும். ஆண்மக்கள் எல்லோரும் வருஷத்தில் மூன்று தடவை அங்கே வரவேண்டும், வெறுங்கையோடு வரக்கூடாது. தசமபாகத்தை அங்கே கொண்டுவரவேண்டும். தூரமாயிருந்தால் சரக்கை விற்றுப் பணமாக முடிந்துகொண்டு வந்து அங்கே செலவழிக்கவேண்டும். பலியிடும் மிருகத்தில் முன்னந்தொடை, தாடை, இரைப்பை புரோகிதனுக்கு. யாருக்கு லாபம் என்று இன்னும் நான் சொல்லவேண்டுமா?

யோசியா ஊர் ஊராகப் போய் மேடைக் கோயில்களை இடித்தான். யூதா கிராமங்களிலிருந்த பூசாரிகளை எருசலேமுக்குக் கொண்டுவந்து, பலிபீடத்தில் ஏறவிடாமல் அப்பம் மாத்திரம் கொடுத்து வைத்தான். சமாரியாப் பக்கத்துப் பூசாரிகளை அவர்களுடைய பலிபீடங்களின் மேலேயே வெட்டிப் போட்டான். தன் ஊரிலேயே ஒரு கடாவை நேர்ந்து வெட்டி, பெண்டு பிள்ளைகளோடு தின்றுகொண்டிருந்த கிராமத்தான், இனிமேல் தலைநகரத்துக்கு நடக்கவேண்டும். பலியே வேண்டாம் என்பது நம் கட்சி. ஆனால் நூறு கடையை மூடி ஒரு கடையைத் திறப்பதற்குச் சீர்திருத்தம் என்றா பெயர்?

மோசே காலத்திலிருந்தே ஒரே கோயில் என்ற கட்டளை இருந்ததென்று சொல்லுகிறவர்களுக்கு இன்னொரு ஆதாரம். எகிப்தில் நைல் நதியின் நடுவே எலெபந்தினே என்ற தீவில் யூதப் போர்வீரர்கள் குடியிருந்து, தங்கள் கடவுளுக்கே ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். கி.மு. 410-ல் அது இடிக்கப்பட்டது. திரும்பக் கட்ட உதவவேண்டுமென்று கி.மு. 407-ல் யூதாவின் கவர்னருக்கு எழுதிய கடிதம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகப்பட்டது. எருசலேம் பிரதான புரோகிதனுக்கும் முன்னமே எழுதினோம், பதில் இல்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். எருசலேமைத் தவிர வேறு கோயில் கூடாதென்பது ஆயிரம் வருஷத்துக் கட்டளையானால், அந்த எருசலேம் புரோகிதனிடத்திலேயே போய் எங்கள் கோயிலைக் கட்ட உதவி செய் என்று கேட்டிருப்பார்களா?

அந்தப் புத்தகம் உண்மைதானா என்று விசாரிக்க யோசியா ஆள் அனுப்பினான். யாரிடம்? உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம். அவள் புத்தகம் உண்மை என்றாள். அதோடு, நீ சமாதானத்தோடே உன் கல்லறையில் சேர்வாய் என்றும் கடவுள் பெயரால் சொன்னாள். நடந்தது என்ன? கி.மு. 609-ல் மெகிதோவில் எகிப்து அரசன் பார்வோன் நேகோவின் கையால் யோசியா கொல்லப்பட்டான். எட்டு வயதில் பட்டத்துக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆண்டவன், முப்பத்தொன்பதில் போனான். ஊர் அழிவதைக் காணாமல் செத்தானே, அதுதான் சமாதானம் என்று பாதிரிமார்கள் சமாதானம் சொல்லுவார்கள். தீர்க்கதரிசனம் பலிக்காவிட்டால் அது கடவுள் வார்த்தையல்ல என்று சொல்லுவது யார் தெரியுமா? அதே உபாகமம், 18-ம் அதிகாரம்! புத்தகம் உண்மை என்று சாட்சி சொன்னவள், அந்தப் புத்தகத்தின் பரீட்சையிலேயே தோற்றுப்போனாள்.

பின்னால் நாளாகமம் எழுதினவனுக்கு இது பெரிய சங்கடமாகிவிட்டது. நல்ல அரசன் ஏன் செத்தான்? அவன் என்ன செய்தான் தெரியுமா? எதிரே நின்ற பார்வோன் நேகோ சொன்னதே கடவுள் வார்த்தை, அதை யோசியா கேட்கவில்லை, அதனால் செத்தான் என்று எழுதிவிட்டான்! விக்கிரகம் கும்பிடுகிற எகிப்து அரசன் வாயிலிருந்தும் கடவுள் பேசினாராம். அதைப்போலவே யோசியாவின் பாட்டன் மனாசே. எல்லாரிலும் பொல்லாதவன் என்று பெயர் வாங்கியவன், ஐம்பத்தைந்து வருஷம் ஆண்டான், தாவீதின் வம்சத்தில் ஒருவரும் அவ்வளவு ஆளவில்லை. இராஜாக்கள் புத்தகம், மனாசே செய்த பாவத்துக்காகத்தான் பேரன் அவ்வளவு நல்லவனாயிருந்தும் கடவுளின் கோபம் தணியவில்லை, யூதா அழிந்தது என்கிறது. நாளாகமமோ, பாவி இவ்வளவு காலம் ஆண்டிருக்கமுடியாதே என்று யோசித்து, மனாசே பாபிலோனில் சிறையிருந்து மனந்திரும்பினான் என்று ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டது. கி.மு. 586-ல் எருசலேமும் கோயிலும் எரிந்தன. பாபிலோனியப் படையின் பலத்தால் நடந்த காரியத்துக்கு, செத்துப்போன ஒரு பாட்டன்மேல் பழி.

தோழர்களே! நான் சொன்னவற்றில் எதையும் என் வார்த்தைக்காக நம்பவேண்டாம். பாதிரிமார்களே அச்சடித்து விற்கிற தமிழ் பைபிள் இதோ மேஜைமேல் இருக்கின்றது. நான் சொன்ன இடங்களில் காகிதம் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு வந்திருக்கும் உபதேசியார் ஐயா உட்பட யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்த்து, நான் தவறாகச் சொல்லியிருந்தால் இந்த மேடையிலேயே எடுத்துச் சொல்லலாம். கேள்விகளை எழுதித் தலைவரவர்களிடம் கொடுத்தால் இன்னும் அரை மணி நேரம் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.